ஒரு சுற்றுக்கு ஓர் அடி

"கையை எடுங்கக்கா. விரல் போயிடும்."

அவள் எடுக்கவில்லை. மேசை விளிம்பில் முடுக்கியிருந்த மெஷின் உறுமிக்கொண்டே ஈயக்குண்டைத் தரைக்கு இறக்கிக்கொண்டிருந்தது. குண்டைத் தாங்கிய எஃகுக் கம்பியின்மேல், குழந்தையின் நெற்றியில் சூடு பார்ப்பதுபோல, இடது ஆள்காட்டி விரலைப் பட்டும் படாமலும் வைத்திருந்தாள். குண்டு கீழே விரித்திருந்த சாக்கில் போய் உட்கார்ந்தது. கம்பி தொய்ந்தது.

"காத்துல ஒண்ணும் தெரியாது" என்றாள்.

"என்ன தெரியணும் உங்களுக்கு?" என்று கேட்டான் கடைக்காரன்.

"ஒண்ணுமில்ல தம்பி. அந்த இன்னொண்ணை இறக்கிக் காட்டு."

இன்னொன்றில் கம்பிக்குப் பதில் பின்னல் நூல். பச்சை நிறம். ஷூ லேஸைவிட மெல்லிசு. மெஷின் உறுமியதே தவிர நூல் இறங்குவது தெரியவில்லை. அதன்மேலும் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

அவன் கடையின் மறுகோடியில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மெஷினோடு வந்த குறிப்புத் தாளை எட்டப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தான். படகுத்துறையில் அவனுக்குக் கேப்டன் என்று பெயர். நான்கு பேர் ஏறினால் ஐந்தாவது ஆள் நீந்தித்தான் வரவேண்டும் என்கிற அளவுப் படகுக்குக் கேப்டன். கிண்டலாக வைத்த பெயர். இருபது வருஷத்தில் கிண்டல் தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் மிஞ்சிவிட்டது. அவள் பெயர் மீட்டர். அது கிண்டலுக்கு வைத்ததல்ல.

அவர்கள் பிடிக்கிற மீன் மேல்தண்ணீருக்கு வராது. தூண்டிலை அதனிடம் கொண்டுபோக வேண்டும். அதற்காகப் படகின் பின்பக்கம் கையால் சுற்றுகிற ராட்டினம் ஒன்று இருந்தது. அதில் கம்பி. கம்பியின் நுனியில் ஐந்து கிலோ ஈயக்குண்டு. தூண்டில் நரம்பை ஒரு கிளிப்பால் கம்பியோடு கவ்வவைத்துக் குண்டை இறக்கினால், குண்டு போகிற ஆழத்துக்குத் தூண்டிலும் போகும். மீன் கடித்து இழுத்தால் கிளிப் விட்டுவிடும். வளைந்து நிற்கிற தடி விருட்டென்று நிமிரும். படகை மெல்ல ஓட்டிக்கொண்டே செய்கிற வேலை இது. அவன் முன்னால் ஸ்டீயரிங்கில். அவள் பின்னால் ராட்டினத்தில்.

ராட்டினத்தில் ஆழம் காட்டுகிற முள் இருந்தது. மூன்றாம் வருஷமே உப்பேறி நின்றுவிட்டது. புதிதாக மாற்ற அவன் அலைந்து பார்த்தான், கிடைக்கவில்லை. "ஒரு சுத்துக்கு ஒரு அடி. வாயால எண்ணிட்டா போச்சு" என்றாள் அவள். அன்றிலிருந்து அவன் முன்னாலிருந்து "அம்பது" என்று கத்துவான். அவள் கைப்பிடியைச் சுற்றுவாள். நின்றதும் "அம்பது" என்று திருப்பிக் கத்துவாள். அவன் நோட்டில் எழுதிக்கொள்வான். தேதி, காற்று, நீரோட்டம், ஆழம், எத்தனை மீன். பெரும்பாலும் மீன் இருந்தது.

"கேப்டன் மீட்டர் வாங்கல, கட்டிக்கிட்டு வந்துட்டான்" என்று துறையில் சொல்வார்கள்.

பதினெட்டு வருஷம் சுற்றியதில் வலது தோள் போய்விட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, நாரெல்லாம் பழங்கயிறுபோல நைந்திருக்கிறது என்றார். இனிமேல் சுற்றக்கூடாது. தினமும் சுவரோரம் நின்று, விரல்களை எறும்புபோல ஏற்றி, வாரம் ஒருமுறை எட்டுகிற இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொன்னார். சமையலறைச் சுவரில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், அவள் காது உயரத்தில் நான்கு கோடுகள் இருந்தன. நான்கும் ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகவே கிடந்தன.

எலக்ட்ரிக் டவுன்ரிக்கர் வாங்கலாம் என்ற பேச்சை எடுத்தது அவள்தான். குண்டை இறக்குவதும் ஏற்றுவதும் மோட்டாரே செய்யும். "பட்டனை அமுக்கத் தோள் எதுக்கு? இடது கை விரல் ஒண்ணு போதும்" என்றாள். மெஷின் வந்துவிட்டால் படகில் தன் இடம் தனக்கே என்று கணக்குப் போட்டிருந்தாள். அதனால்தான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"கம்பியே இருக்கட்டும்" என்றாள் இப்போது.

"ஏன்?" புருஷன் தாளை இறக்கினான். "கம்பி துருப்பிடிக்கும். ஒரு பிசிறு போதும், கையைக் கிழிச்சிடும். நீ பார்க்காததா?"

"பழகின சாமான்."

"அக்கா, நான் சொல்றேன் கேளுங்க" என்றான் கடைக்காரன். "கம்பி தண்ணிக்குள்ள ரீங்காரம் போடும். படகு ஓட ஓட ங்ஙுன்னு ஒரு சத்தம். நூல்ல அந்தத் தொல்லை இல்ல. வாயில்லாப் பூச்சி."

"அது பாட்டுக்குக் கத்திட்டுப் போகுது. உனக்கா காது வலிக்குது?"

கடைக்காரன் சிரித்தான். கேப்டனிடம் திரும்பினான். "என்னண்ணே, வீட்டுல இன்னும் சொல்லலையா? போன மாசம் நீங்க வந்தப்பவே இந்த நூல் மெஷினைத்தான எடுத்து வைக்கச் சொன்னீங்க? ஒரே ஆள் ஓட்ட எது தோதுன்னு கேட்டீங்களே. இதுக்கு ஸ்விட்ச்சை ஸ்டீயரிங் பக்கத்துலயே வச்சுக்கலாம்க்கா. தண்ணிக்கு மேல வந்ததும் குண்டு தானா நின்னுக்கும். பின்னால ஆளே வேண்டாம்."

கடையில் இன்னொரு வாடிக்கையாளன் தூண்டில் முள் பெட்டியைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன மாசமா?" என்றாள்.

"பல் டாக்டர்கிட்ட போனேன்ல. அன்னிக்கு."

"பல்லு எப்படி இருக்கு?"

"பரவால்ல."

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். படகில் ஒரு கை படகுக்கு, ஒரு கை வேலைக்கு என்பார்கள். அவளிடம் ஒரு கைதான் மிச்சம். போன மாசம் ஓர் அலையில் பிடியை விட்டுவிட்டுக் குண்டைப் பிடித்தாள். முழங்கால் அடிபட, விளிம்பில் பாதி உடம்பு வெளியே தொங்கியது. அவனே ஓடிவந்து இழுத்துப் போட்டான். அதன்பிறகு அவன் முன்னால் பார்த்துப் படகை ஓட்டியதைவிடப் பின்னால் பார்த்து ஓட்டியதே அதிகம். இருமுறை மிதவையில் மோதப் பார்த்தார்கள். எல்லாம் அவளுக்குத் தெரியும். அவன் கேட்டிருந்தால், இனி வரவில்லை என்று அவளே சொல்லியிருப்பாள். கேட்கவில்லை என்பதுதான் உறுத்தியது.

கம்பி வேண்டும் என்பதற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அதைச் சொன்னால் ஒருவேளை கம்பி மெஷின் வரும். அவள் இடமும் கிடைக்கும். ஆனால் அந்தக் காரணத்தைப் பதினாறு வருஷமாக அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பதினாறு வருஷமும் அவள் எண்ணியதே இல்லை.

முதல் இரண்டு வருஷம் எண்ணினாள். ஒழுங்காகத்தான் எண்ணினாள். ஒருநாள் காலையில், அவள் அம்மா வந்து தங்குவதைப் பற்றி இருவருக்கும் வாய்ச்சண்டை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே படகேறினாள். அவன் "நாப்பத்தஞ்சு" என்றான். அவள் மனதுக்குள் அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே சுற்றியதில் எண்ணிக்கை எங்கேயோ நழுவிவிட்டது. முப்பதா, நாற்பதா? மேலே இழுத்துத் திரும்ப எண்ணலாம். அன்று இருந்த கடுப்பில் அவனிடம் "விட்டுட்டேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கம்பிமேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். கம்பி ரீங்கரித்துக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் அந்த ரீங்காரம் தடித்தது. மேலே ஒரு நீர், கீழே வேறொரு நீர் என்பதுபோல. அங்கே நிறுத்தினாள்.

"நாப்பத்தஞ்சு!" என்று கத்தினாள்.

அன்று பெட்டி நிறைந்தது. அவன் நோட்டில் 45 என்று எழுதி அடிக்கோடிட்டான். மறுநாளும் அவள் எண்ணவில்லை. அதன்பிறகு எப்போதும் எண்ணவில்லை. அவன் எந்த எண்ணைச் சொன்னாலும், ரீங்காரம் தடிக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு அதே எண்ணைத் திருப்பிச் சொன்னாள். அவன் எழுதினான். அடுத்த வருஷம் அதே மாசத்தில் நோட்டைப் புரட்டி, அதே எண்ணைச் சொன்னான். நோட்டுகள் பதினொன்று சேர்ந்தன. எண்ணெய்த்துணியில் சுற்றி, கல்யாணப் பத்திரத்தோடு ஒரே அலமாரியில் வைத்திருந்தான்.

சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்ததுண்டு. விளையாட்டாகச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுகூட நினைத்தாள். பிறகு சுருட்டை விஷயம் வந்தது.

சுருட்டை பக்கத்துப் படகுக்காரன். கேப்டனோடு சின்ன வயதிலிருந்து பழக்கம். ஒன்பது வருஷத்துக்கு முன் அவனுக்கு ஒரு பருவம் முழுக்கக் கையில் மீன் சிக்கவில்லை. கூச்சத்தை விட்டுவிட்டு வந்து, எந்த ஆழத்தில் போடுகிறாய் என்று கேட்டான். துறையில் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள், யாரும் சொல்லவும் மாட்டார்கள். கேப்டன் நோட்டையே திறந்து காட்டினான். நாற்பத்தெட்டு. சுருட்டை ஒரு வாரம் நாற்பத்தெட்டில் குண்டைப் போட்டுக்கொண்டு சுற்றினான். வெறும் முள்ளோடு திரும்பினான். கேப்டனின் பெட்டி நிறைந்திருந்தது.

"தரமாட்டேன்னு சொல்லியிருக்கலாம்டா" என்றான் சுருட்டை, எல்லோர் முன்னிலையிலும். "நோட்டெல்லாம் காட்டி நாடகம் போடணுமா?"

"சத்தியமா நாப்பத்தெட்டுதான்டா. வேணும்னா மீட்டரைக் கேளு."

சுருட்டை அவள் பக்கம் திரும்பினான். அவள் கை ராட்டினத்தின்மேல் இருந்தது. "ஆமாண்ணே" என்றாள்.

சுருட்டை படகை விற்றான். துறைக்குப் பின்னாலுள்ள கொட்டகையில் இன்ஜின் பழுது பார்க்கிறான். கேப்டனோடு பேச்சில்லை. "கேப்டன் சொல்ற ஆழத்துல அவன் பொய்தான் மிதக்கும்" என்பது துறையில் பழமொழிபோலவே ஆகிவிட்டது. கேப்டன் அதைக் கேட்டுக்கொண்டு போவான். வீட்டுக்கு வந்து, "நோட்டு இருக்குல்ல. நான் பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும்ல" என்பான்.

"என்னக்கா, எதை எடுக்கட்டும்?" என்றான் கடைக்காரன்.

புருஷன் அவளைப் பார்த்தான். "நீயே சொல்லு."

"நூல் மெஷினையே போடு தம்பி" என்றாள். "வாயில்லாப் பூச்சியா இருக்கட்டும்."

மெஷினைப் பொருத்த ஒரு பகல் பிடித்தது. கடைக்காரனே வந்து, பின்தட்டில் நான்கு துளை போட்டு, பாட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, ஸ்டீயரிங் அருகே ஸ்விட்ச்சையும், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு திரையையும் பதித்துக் கொடுத்தான். முதல் நாள் அவளும் போனாள். "சும்மா பார்க்க" என்றாள். "வா வா" என்றான் அவன். முன்னால் அவனுக்குப் பக்கத்தில் உட்கார மெத்தை போட்டிருந்தான். இருபது வருஷத்தில் அவள் படகின் முன்பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான்.

நோட்டில் போன வருஷம் அதே வாரம் 52. அதற்கு முந்தின வருஷம் 52. அவன் ஸ்விட்ச்சை அழுத்தினான். திரையில் எண்கள் ஓடின. 52 வந்ததும் விரலை எடுத்தான்.

"பார்த்தியா?" என்றான். "அம்பத்திரெண்டு."

"அம்பத்திரெண்டு" என்றாள் பழக்கத்தில்.

நான்கு மணி நேரம் தடி வளைந்தபடியே நின்றது. அவன் வேகத்தைக் குறைத்தான், கூட்டினான். தூண்டிலின் மினுக்குத் தகட்டை மாற்றினான். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினான், குடிக்க மறந்தான். அவள் எழுந்து, இடது கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போனாள். உட்கார்ந்து, பின்தட்டில் முதுகைச் சாய்த்துக் கால்களை முட்டுக்கொடுத்துக்கொண்டு, பிடித்திருந்த கையை விட்டாள். விரலை நூல்மேல் வைத்தாள். நூல் ஈரமாக இருந்தது. அவ்வளவுதான். அதற்குக் கீழே ஐம்பத்திரண்டு அடி தண்ணீர் இருந்தது, அதைப் பற்றி நூல் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏய், பிடிச்சுக்க!" என்று முன்னாலிருந்து கத்தினான்.

அவள் பிடித்துக்கொண்டாள்.

துறைக்குத் திரும்பியதும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. "மெஷின் பொய் சொல்லுது" என்றான். ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சாகப் போட்டான். துறையில் அவ்வளவு ஆழமில்லை. குண்டோடு கயிற்றைச் சேர்த்துக் கட்டி, இருபது அடி இறக்கிப் பார்த்தான். இருபது முடிச்சு. ஏற்றினான். திரும்ப இறக்கினான். இருபது. மெஷின்மேல் பழி போட வழியில்லாமல் போயிற்று.

சாயங்காலம் பதினொரு நோட்டுகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் அடுப்பருகே நின்றாள். அவன் பக்கம் பக்கமாகப் புரட்டுவது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"மெஷின் சரி" என்றான். "அப்ப இதெல்லாம் என்ன?"

அவள் அடுப்பைத் தணித்தாள்.

"இங்க பாரு. இத்தனை வருஷம் எழுதியிருக்கேன். யார் என்ன சொன்னாலும் இதைத்தான நம்பினேன்." ஒரு நோட்டை அவள் பக்கம் திருப்பினான். "நீ சரியாத்தான எண்ணுன?"

சொல்வதென்றால் இப்போதுதான் சொல்ல வேண்டும். கம்பி மெஷினாக மாற்றிக் கேட்கலாம், கடைக்காரன் நல்லவன், மாற்றித் தருவான். பின்பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி முடுக்கி, இடுப்பில் ஒரு பட்டை கட்டினால், ஒற்றை விரலால் வேலையை முடிப்பாள். இதையெல்லாம் அவள் கடலிலிருந்து வரும்போதே யோசித்து வைத்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். அவன் கையை விரித்து, நோட்டுகளின்மேல், காற்றில் பறந்துவிடும் என்பதுபோல வைத்திருந்தான். சொன்னால் அந்தப் பதினொரு நோட்டிலும் ஒரு வரிகூட அவனுடையதாக இருக்காது. சுருட்டையிடம் அவன் செய்த சத்தியமும் இருக்காது.

"விட்டிருப்பேன்" என்றாள்.

"என்னது?"

"நடுவுல நடுவுல நம்பர் விட்டிருப்பேன். பேசிக்கிட்டே சுத்துவேன்ல. பேசுற நேரம் கை சுத்தும், வாய் எண்ணாது."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். "எவ்வளவு விட்டிருப்ப?"

"ஒரு பத்து."

"தினமுமா?"

"பேச்சு ஜாஸ்தியான நாள்ல பன்னெண்டு இருக்கும்."

அவன் முகத்தில் ஏதோ அவிழ்ந்தது. "அப்ப தினமும் பன்னெண்டுதான்" என்றான். சிரிக்கவே ஆரம்பித்துவிட்டான். அவளும் சிரித்தாள். அவன் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து, முதல் நோட்டின் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் பன்னிரண்டு கூட்டி எழுதத் தொடங்கினான். 52 அறுபத்து நான்கு ஆயிற்று. ஏழாவது நோட்டில் ஓர் இடத்தில் பேனா நின்றது.

"சுருட்டைக்குச் சொன்ன நாப்பத்தெட்டு, அறுபதா இருந்திருக்கணும்" என்றான். "நான் பொய் சொல்லல பாரு. நான் தெரிஞ்சு சொல்லல. நாளைக்கே போய் அவன்கிட்ட சொல்றேன். என் பொண்டாட்டிக்கு எண்ணத் தெரியாதுடான்னு. சொல்லட்டுமா? உனக்கு ஒண்ணுமில்லையே?"

"எனக்கென்ன" என்றாள். "சொல்லுங்க."

தட்டு வைக்க இடம் வேண்டும் என்று நோட்டுகளை ஒதுக்கச் சொன்னாள். அவன் மடியில் வைத்துக்கொண்டு எழுதினான்.

மறுநாள் அவன் ஐந்தரைக்குத் தனியாகக் கிளம்பினான். காற்று குறைவு. குண்டை அறுபத்து நான்கில் போட்டான். பத்து மணிவாக்கில் ஒரு மீன் கடித்தது, இரண்டு கிலோ இருக்கும். வேறு கடிக்கவில்லை. புது நோட்டு வாங்கி, முதல் வரியில் 64 என்று எழுதினான். துறைக்கு வந்ததும் கொட்டகைக்குப் போய்ச் சுருட்டையிடம் விஷயத்தைச் சொன்னான். சுருட்டை முதலில் நம்பவில்லை. பிறகு கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். இருவரும் டீ குடித்தார்கள். அங்கே இருந்த யாரோ, "அப்ப இத்தனை நாளா ரிப்பேர் மீட்டரா?" என்றார்கள். வீட்டுக்கு வந்து கேப்டன் அதையும் அவளிடம் சொன்னான். பழைய ராட்டினத்தைக் கழற்றி, கம்பியோடு சாக்கில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். அதை எங்கே வைப்பது என்று கேட்டான். மாடிப்படிக்கு அடியில் வைக்கச் சொன்னாள். மூன்று மணிக்குக் கடைக்காரன் போன் செய்து, மெஷின் சரியாக இருக்கிறதா என்று கேட்டான். சரியாக இருக்கிறது என்றாள். புருஷன் தூங்கினான். அவள் மீனைச் சுத்தம் செய்து வைத்துவிட்டு, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று, வலது கை விரல்களைச் சுவரில் ஏற்றினாள். பழைய கோடுகளுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. அங்கே ஒரு கோடு போட்டாள்.